கணக்கைக் கேட்பது குற்றமில்லை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் ஒரு பிழைப்பு. இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள், அவர்கள் மறைந்தபின் குறைந்த ஓய்வூதியத்தில் வாழும் மனைவிமார், பாரிஸ் புறநகரில் பிள்ளைகளோடு ஆறு மாதமும் முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ ஆறு மாதமும் இருக்கிற பெரியவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். அன்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்வரை இன்று என் மேசைக்கு எதிரே உட்காருகிறார்கள்.

முன்பெல்லாம் வேலை என்றால் உயிர்ச் சான்று, வருமானவரிப் படிவம், முகவரி மாற்றம், இவ்வளவுதான். 2022க்குப் பிறகு வேறொரு வகைக் கடிதம் குவிய ஆரம்பித்தது. “உங்கள் மின்சார மாதத் தவணை அடுத்த மாதம் முதல் மாற்றப்படுகிறது” என்று தொடங்கும் கடிதம். கைப்பேசியில் வந்த மின்னஞ்சலைப் பெரிதாக்கிக் காட்டியபடி வருவார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: “இதைக் கட்டித்தான் ஆகணுமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் மாதத் தவணைத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக்கு மாதாமாதம் மீட்டர் பார்த்து பில் வருவதில்லை. அந்த வீட்டுக்கு ஓராண்டில் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று நிறுவனம் ஒரு கணிப்புப் போடும். வரும் தொகையைப் பத்தாகவோ பதினொன்றாகவோ பிரித்து, வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இதைத்தான் போய்வந்தவர்கள் ‘பிரெலெவ்மான்’ என்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் மீட்டர்படி நேர் செய்வார்கள். கூடுதலாகக் கட்டியிருந்தால் பணம் திரும்பும். குறைவாகக் கட்டியிருந்தால் மிச்சத்தைக் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது உண்மையான நுகர்வை வைத்து பில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஏற்பாடு நல்லதுதான். டிசம்பர், ஜனவரி குளிரில் மின்சார ஹீட்டர் ஓயாமல் ஓடும் வீட்டில், அந்த இரண்டு மாத பில்லை ஒரே மூச்சில் கட்டச் சொன்னால் ஓய்வூதியக்காரர் திணறிப்போவார். சுமையை ஆண்டு முழுதும் பரப்பி வைப்பது அவருக்கும் வசதி. ஆனால் அந்த மாதத் தொகை நிறுவனத்தின் கணிப்பு மட்டுமே. கடன் என்பது மீட்டர் ஓடிய பிறகு வருவது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இத்தனை பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்தைச் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்த ஓர் அம்மா, முத்தியால்பேட்டைக்காரர், கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, இதுக்கு எதிர்த்து எழுதினா பென்ஷனை நிறுத்திடுவாங்களா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கரண்ட் விக்கிறது ஒரு கம்பெனி. பென்ஷன் குடுக்கிறது சர்க்கார்.”

“ரெண்டும் பிரான்ஸ்லேருந்துதான வருது?”

அவர் கேட்டதில் தவறில்லை. வாழ்நாள் முழுக்க பிரெஞ்சில் அச்சடித்து வந்த எந்தத் தாளும் அவருக்கு உத்தரவாகத்தான் வந்திருக்கிறது. சோற்றுக்கு வழி செய்த தாளும் அதே மொழியில்தான் வந்தது. மின்சார நிறுவனத்தின் தாளும் அதே மொழியில் வந்தால், மறுபேச்சு இல்லாமல் தலையாட்டத்தானே தோன்றும்? இந்தத் தொழிலில் என் முதல் வேலை கடிதம் எழுதுவதல்ல. எதிரே இருப்பவரின் மனத்திலிருந்து அந்தப் பயத்தை எடுப்பதுதான்.

பிறகுதான் கணக்கு.

தவணை உயர்ந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: யூனிட் விலை ஏறியிருக்கும், அல்லது நீங்கள் அதிக யூனிட் செலவழிப்பீர்கள் என்று நிறுவனம் நினைத்திருக்கும். சில சமயம் இரண்டும் சேர்ந்திருக்கும். முதலில் விலையைப் பார்த்துவிட வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் ஐரோப்பாவில் எரிவாயு விலை கண்மண் தெரியாமல் ஏறியது. பிரான்சின் அணு உலைகள் பல குழாய் அரிப்புக் கோளாறால் அதே ஆண்டு நின்றுபோயிருந்தன. அரசு நிர்ணயிக்கும் வீட்டு மின்கட்டணம் அத்தனை வேகத்தில் ஏறாமல் அரசாங்கமே தடுப்புப் போட்டது. 2022 பிப்ரவரியில் 4 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 15 சதவீதமும்தான் ஏற விட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே கட்டணம் 15 சதவீதம் இறங்கியது. இந்தத் தேதிகளை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அரசுக் கட்டணத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு விலை 15 சதவீதம் ஏறிய சமயத்தில் தவணை 70 சதவீதம் ஏறினால், மிச்சமெல்லாம் கணிப்பு. விலையோடு நம்மால் சண்டை போட முடியாது. கணிப்போடு முடியும்.

அந்த அம்மாவின் தவணை 62 யூரோவிலிருந்து 110 யூரோவாகியிருந்தது. 110ஐ 11ஆல் பெருக்கினால் 1,210. ஆண்டுச் சந்தா சுமார் 150 யூரோவைக் கழித்தால் 1,060. அப்போது யூனிட் விலை ஏறக்குறைய 20 சென்ட். அதால் வகுத்தால் 5,300 யூனிட். ஆக, அவர் வீட்டில் ஓராண்டில் 5,300 யூனிட் செலவாகும் என்பது நிறுவனத்தின் எண்ணம். கடிதத்தில் இந்த எண் எங்கும் இல்லை. தவணைத் தொகையிலிருந்து பின்னோக்கிப் போய்தான் கண்டெடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் உதவும் கணக்கு இதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும்.

“உங்க வீட்ல யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டேன். பாரிஸ் புறநகரான சார்செல்லில் இரண்டு அறை வீடு. கணவர் இருந்தவரை இருவரும் குளிர்காலத்தை அங்கேயே கழித்தார்கள். அவர் போனபின் இந்த அம்மா அக்டோபரில் புதுச்சேரிக்கு வந்துவிடுகிறார், மார்ச் கடைசியில்தான் திரும்புகிறார். குளிர் மாதங்களில் வீடு பூட்டியே கிடக்கிறது. மீட்டர் பழைய வகை, சமையலறை அலமாரிக்குள் இருக்கிறது. ஆள் வந்து படிக்கும் நேரத்தில் கதவு திறக்க யாரும் இல்லை. ஆகவே கணவர் இருந்த காலத்துக் குளிர்கால நுகர்வையே வைத்து நிறுவனம் கணித்துக்கொண்டே வந்திருக்கிறது.

பில்லைத் திருப்பிப் பார்த்தால் அதுவே சாட்சி சொன்னது. மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘படிக்கப்பட்டது’ என்றோ ‘மதிப்பிடப்பட்டது’ என்றோ ஒரு சிறு சொல் இருக்கும். தொகையைப் பார்க்கிற யாரும் அந்தச் சொல்லைப் பார்ப்பதில்லை. அவர் பில்லில் கடைசியாக ஆள் படித்த எண் 41,250; ஓராண்டுக்கு முந்தையது. அங்கே இருக்கும் மருமகனிடம் சொல்லி மீட்டரைப் படம் எடுக்கச் சொன்னோம். தேதியோடு படம் வந்தது: 43,350. ஓராண்டுக்கு 2,100 யூனிட். 420 யூரோவும் சந்தாவும் சேர்ந்து 570. பதினொன்றால் வகுத்தால் மாதம் 52 யூரோகூட ஆகவில்லை. பழைய 62 யூரோவே கூடுதல் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. கணக்கைத் தமிழில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

கடிதம் ஒரு பக்கம்தான். எப்போதும் ஒரு பக்கத்துக்குள்தான் எழுதுவேன். வாடிக்கையாளர் எண், மீட்டர் இணைப்பின் 14 இலக்க எண், பழைய தவணை, புதிய தவணை. அதன்பின் இரண்டு மீட்டர் எண்களும் அவற்றின் தேதிகளும். பிறகு நான்கு வரி: புதிய தவணை எத்தனை யூனிட்டை அடிப்படையாகக் கொண்டது என்று தெரிவியுங்கள், இணைத்துள்ள படத்தின்படி உண்மை நுகர்வு இது, இதன்படி பில்லைத் திருத்துங்கள், தவணையை 52 யூரோவாக மாற்றுங்கள். ஏழ்மையைச் சொல்லி அழுவதில்லை, அநியாயம் என்று கத்துவதும் இல்லை. என்னிடம் வருகிறவர்கள் பலர், “நான் விதவை, நோயாளி என்றெல்லாம் எழுதுங்க” என்பார்கள். மருந்தும் மாத்திரையுமாகக் காலம் தள்ளுகிறவர்கள் அப்படிச் சொல்லும்போது மனசு கனக்கிறது. ஆனாலும் எழுத மாட்டேன். இரக்கத்தை எழுதினால் பதிலும் இரக்கமாகவே வரும். “உங்கள் சூழ்நிலை வருத்தமளிக்கிறது” என்று தொடங்கி அதே தொகையில் முடியும். எண்ணை எழுதினால் எண்ணுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில் எண்ணாகவே வந்தது. பில் திருத்தப்பட்டது, தவணை இறங்கியது. நேர் செய்யும் பில்லில் வாடிக்கையாளருக்கு வர வேண்டியது 25 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அவருக்கும் பணம் வந்தது.

எல்லாக் கடிதமும் எதிர்த்து எழுத வேண்டிய கடிதமல்ல. இதையும் சொல்லாவிட்டால் நான் செய்வது நேர்மையான தொழிலாகாது. பாரிஸ் புறநகரான லா கூர்நேவில் இருக்கும் ஓர் இளைஞர், அப்பா ரெட்டியார்பாளையத்துக்காரர், தவணை 70லிருந்து 105 ஆகிவிட்டது என்று கொதித்துப்போய் அழைத்தார். அவர் வீட்டில் லிங்கி மீட்டர். தானாகவே நுகர்வைத் தினமும் அனுப்பிவிடும் புது மீட்டர் அது. 2015 கடைசியிலிருந்து நாடு முழுக்க மாட்டினார்கள். எண்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நுகர்வு உண்மையிலேயே ஏறியிருந்தது. பிள்ளை பிறந்திருக்கிறது, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்காக இன்னொரு ஹீட்டர் வாங்கி இரவும் பகலும் ஓட விட்டிருக்கிறார். “தம்பி, தவணை சரியாத்தான் இருக்கு. இப்ப குறைச்சா வருஷக் கடைசில மொத்தமா வந்து நிக்கும்” என்றேன். ஹீட்டரை ஒரு டிகிரி குறைத்தால் சூடேற்றும் செலவில் சுமார் 7 சதவீதம் மிச்சமாகும் என்று அந்நாட்டு எரிசக்தி முகமை சொல்லிவருவதையும் சொன்னேன். அவருக்குக் கடிதம் தேவைப்படவில்லை.

வேறு சிலர் கோபத்தில் நேரே வங்கிக்குப் போய்ப் பிரெலெவ்மானை நிறுத்திவிட்டு அதற்குப் பிறகு என்னிடம் வருவார்கள். அப்போது வேலை இரட்டிப்பாகிறது. ஐரோப்பிய விதிப்படி, வங்கி எடுத்துக்கொடுத்த தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வங்கியிலிருந்து பணம் திரும்பியதால் பில் அழிந்துவிடாது. நிறுவனத்தின் ஏட்டில் நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள். நினைவூட்டல் வரும், பிறகு வசூல் முகவர் கடிதம் வரும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டணப் பாக்கிக்காக வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அங்கே உண்டு. அப்போதும் மின்திறனைக் குறைத்துவிட முடியும். ஆகவே நான் சொல்வது: நம் கணக்குப்படி வரும் நியாயமான தொகை போய்க்கொண்டே இருக்கட்டும். சண்டை மிச்சத் தொகைக்கு மட்டும் நடக்கட்டும்.

நிறுவனம் பதிலே போடாவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்து இரண்டு மாதம் ஆனபின், தேசிய எரிசக்தி நடுவரிடம் போகலாம். 2006 டிசம்பர் சட்டத்தால் உருவான பதவி அது. ஒரு சென்ட் செலவில்லை. இணையத்திலேயே மனுச் செய்யலாம். புதுச்சேரியில் உட்கார்ந்தே செய்யலாம். கடைசியாக மீட்டர் படித்த தேதிக்கு 14 மாதத்துக்கு முந்தைய நுகர்வுக்கு, பிந்திப் பணம் கேட்கக் கூடாது என்ற விதியும் 2016 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. வாடிக்கையாளரே மீட்டரைக் காட்ட மறுத்தாலும் மோசடி செய்தாலும் அது பொருந்தாது. இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் உழைத்த நாட்டின் சட்டம் தங்கள் பக்கமும் நிற்கும் என்று அவர்களுக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

இது பிரான்சுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. எங்கள் ஊர்க் குடும்பங்களில் சிலர் லண்டன் பக்கம் போனார்கள். அங்கிருந்தும் இதே புலம்பல் வந்தது. 2022இல் பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் தானே விசாரித்தபோது, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மாதத் தவணை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது தெரியவந்தது. தவணைகளை நிறுவனங்கள் எப்படிக் கணக்கிடுகின்றன என்பதை மறுபடி பரிசீலிக்க வைத்தார்கள்.

நம் ஊர் பில்லைப் பற்றியும் என்னிடம் கேட்பார்கள். புதுச்சேரியில் மாதம் ஒரு பில். தமிழ்நாட்டைப் போல இரண்டு மாதத்துக்கு ஒன்று அல்ல. 100 யூனிட், 200 யூனிட், 300 யூனிட் என்று படிப்படியாக விலை ஏறும். எனவே முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, இரண்டு ரீடிங்குக்கும் இடையில் எத்தனை நாள் என்பதை. நாள் கூடினால் யூனிட் கூடும். யூனிட் கூடினால் மேல் படிக்குப் போய்விடும். 2024 ஜூன் 16 முதல் கட்டணமே உயர்ந்தது. அதை எதிர்த்து செப்டம்பர் 18இல் முழு அடைப்பும் நடந்தது. கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அங்கே பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழி உண்டு. அது ஊரே சேர்ந்து பேச வேண்டிய விஷயம். ஒரு வீட்டின் பில் தனி விஷயம். அதற்கு அந்த வீட்டின் எண்கள்தான் வேண்டும்.

பிரான்ஸ் தவணைக்கு மிக நெருக்கமானது இங்கே கூடுதல் வைப்புத்தொகை. கடந்த ஆண்டின் சராசரி நுகர்வை வைத்து டெபாசிட்டை மறுபடி கணக்கிட்டு, இருப்பது குறைவானால் மிச்சத்தைக் கேட்பார்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து மே மாதம் முழுக்க மூன்று அறையிலும் ஏசி ஓட விட்டுப் போன வீட்டில், அடுத்த நோட்டீஸில் அதன் எதிரொலி வரத்தான் செய்யும். சார்செல்லில் ஹீட்டர், இங்கே ஏசி; கணக்கு ஒன்றுதான். அது சட்டப்படியான தொகை, கட்ட வேண்டும். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, அந்த டெபாசிட்டுக்கு வட்டி தர வேண்டும் என்றும் சொல்கிறது. பில்லில் அந்த வட்டி வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.

உண்மையிலேயே தகராறு என்றால் அதே சட்டத்தின் 56ஆம் பிரிவைக் காட்டுவேன். துண்டிக்கும் முன் 15 முழு நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும். கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் குறைந்ததை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. மீட்டர் மேல் சந்தேகம் என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2024இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். அதன்பிறகு நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின்சார ஆம்புட்ஸ்மன்.

இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. இரண்டிலும் எளியவர்களுக்குப் பாதுகாப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு வேலை செய்ய ஒரு கேள்வி வேண்டும். “இது எந்தக் கணக்கில் வந்தது?” என்று எழுத்தில் கேட்டவருக்குத்தான் எல்லாக் கதவும் திறக்கிறது. கேட்காதவர் கட்டிக்கொண்டே இருக்கிறார். கேட்கத் தெரியாதவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், அந்த மொழி படிக்காதவர்கள். இது எனக்கு ஆறவில்லை.

அதனால் என் கோரிக்கை இரண்டு. தவணையை உயர்த்தும் எந்தக் கடிதத்திலும், எத்தனை யூனிட் என்று கணித்தார்கள், எந்த ரீடிங்கிலிருந்து கணித்தார்கள், யூனிட் விலை என்ன என்ற மூன்று எண்களையும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நிறுவனத்திடம் அவை இருக்கின்றன. இல்லாமல் தவணை போட்டிருக்க முடியாது. வாடிக்கையாளர் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தேட வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அம்மா அப்பா ஊருக்குக் கிளம்பும் அன்றும் திரும்பி வரும் அன்றும் அவர்கள் வீட்டு மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் அந்த எண்ணை நீங்களே பதிவு செய்துவிடுங்கள். அதன்பின் தவணை உயர்ந்து கடிதம் வந்தால், முதலில் தொகையைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்தாதீர்கள். இரண்டு படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, கழித்துப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களிடம் பேசுங்கள்.